பாளையக்காரர் கிளர்ச்சியும் கும்பினிப் படையெடுப்பும்
(1798 – 1801)

முன்னுரை

சரித்திரம் கற்கும் மாணவர் வாட்டர்லூப் போரின் ஆண்டையும் பிளாசிப் போரின் காரணங்களையும் மனப்பாடமாய்ச் சொல்வர். தம் ஊரருகே இடிந்து கிடக்கும் மண்மேடு எப்படி உண்டாயிற்று என்று கேட்டாலோ பெரும்பாலும் மௌனமே விடையாகும். சாத்தூருக்கு அண்மையிலுள்ள கோல்வார்பட்டியும், தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களால் பெயர்பெற்றுள்ள ஏழாயிரம்பண்ணையும் ஒரு காலத்தில் படையும் கோட்டையும் உடைய பாளையங்களாய் விளங்கின. திருச்சுழிப் பக்கத்து நரிக்குடியை அடுத்த முக்குளத்தில் பிறந்த சகோதரர் இருவர் சிவகங்கைச் சீமையையே ஆண்டனர். இவ்வூர்களின் கதை நமது பாடப்புத்தகத்தில் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது.

இதற்கு ஒரு காரணமும் உண்டு. விருதுநகர் ஜில்லா 1985ம் ஆண்டில் உண்டானது. அதற்கு முன் இந்நிலம் இராமநாதபுரம் ஜில்லாவிலும், அந்த ஜில்லா உண்டான 1910ம் ஆண்டுக்கு முன் ஒரு பாகம் திருநெல்வேலியிலும் மற்றொரு பாகம் மதுரையிலும் அடங்கியிருந்தது. ஆதலின் நம் முன்னோர் கதையை அயல் ஜில்லாக்களின் சரித்திரங்களிலே தேடிப் பொறுக்க வேண்டியதாயிற்று.

ஓர் அரசாங்கம் ஆயுதந் தரித்த கிளர்ச்சிக்காரர்மேல் படை நடத்திய வரலாற்றைக் கற்கும்போது மூன்று கேள்விகளை மனத்திற்கொள்ளுதல் நலம். முதற் குண்டு வெடிக்குமுன் நடந்தது யாது? படை நடந்தபோது குற்றமுடையார் வேறு, குற்றமற்றார் வேறு என்று பிரித்தறியப்பட்டனரா? படை திரும்பிய பின்னர் அந்நாட்டுக் குடிகளுக்கு எஞ்சியது யாது? இம்மூன்றையும் முன்வைத்தே 1798 முதல் 1801 வரை தென்பாண்டிச் சீமையில் நடந்தவற்றை ஆராய்வோம்.

பாளையங்களின் அமைப்பு

மதுரையில் விசுவநாத நாயக்கரும் அவர் தளவாயாகிய அரியநாத முதலியாரும் நாட்டை எழுபத்திரண்டு பாளையங்களாகப் பகுத்தனர் என்பது பரம்பரைச் செய்தி. பாளையக்காரர் தம் எல்லையில் வரி தண்டுவர், அரசர் அழைக்கும்போது படையுடன் செல்வர், வழக்குகளைத் தீர்ப்பர், களவு நேராமற் காப்பர். இக்காவலுக்காகக் குடிகள் தனியே ஒரு வரி செலுத்தினர். பாளையத்திற் பொருள் களவு போனால், களவாடியவனைப் பிடித்தல் அல்லது இழந்த பொருளுக்கு ஈடு செய்தல் காவற்காரரின் கடமை. இம்முறையில் நன்மையும் இருந்தது, தீமையும் இருந்தது. வலிய பாளையக்காரர் தம் எல்லைக்கு அப்பாலும் காவல் வரி கேட்டு மெலியாரை வருத்தியதுண்டு. ஆயினும் நாயக்கர் ஆட்சி மறைந்து நாட்டில் ஒரு தலைமையும் நிலைக்காத காலத்தில், குடிகள் கண்ணுக்கெட்டிய அரசாங்கம் பாளையக்காரர் ஒருவரே.

ஆர்க்காட்டு நவாபு தென்னாட்டின் வரிக்கு உரிமை கொண்டாடினார். அவ்வுரிமையைப் பெற அவருக்குப் படை வேண்டியிருந்தது, படைக்குக் கும்பினியாரை நாடினார், அதனாற் கடன்பட்டார். கடன் வளர வளர அவருடைய உரிமைகள் ஒவ்வொன்றாகக் கும்பினியார் கைக்கு மாறின. 1792ம் ஆண்டு உடன்படிக்கையின்படி பாளையக்காரர் செலுத்தும் பேஷ்குஷ் என்னும் கப்பத்தைத் தாமே தண்டும் அதிகாரம் கும்பினியாருக்கு வந்தது. அதுவரை கப்பம் என்பது பேசித் தீர்க்கும் பொருள். விளைவு குறைந்தால் குறையும். படை வந்தால் கூடும். அதன் பின்னரோ அது தவணையும் தேதியும் உள்ள கணக்காயிற்று. நெடுங்காலப் பகையின் வித்து இவ்விடத்தில் விழுந்தது.

கணக்கில் தொடங்கிய பகை

பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் வீரபாண்டிய கட்டபொம்மர் 1798ம் ஆண்டு மே மாத முடிவில் 3310 பகோடா பாக்கி வைத்திருந்ததாகக் கும்பினிக் கணக்குக் காட்டிற்று. கலெக்டர் ஜாக்ஸன் தம்மை வந்து காணும்படி அவருக்குக் கட்டளையனுப்பினார். கட்டபொம்மர் சென்றார். ஆயின் குற்றாலத்திலும் நமது ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அவருக்குப் பேட்டி கிடைக்கவில்லை. கலெக்டரின் முகாம் ஊர் ஊராய் மாற, அவரும் பின்தொடர்ந்து சென்று, இறுதியில் செப்டம்பர் மாதத்தில் இராமநாதபுரத்திற் பேட்டி பெற்றார். ஆண்டு வந்த பாளையக்காரர் ஒருவரைத் தம் குடிகள் காணும்படி இவ்வாறு அலைக்கழித்தல், அக்காலத்து மானவுணர்ச்சிக்குப் பாக்கித் தொகையினும் பெரிய பொருளாய்த் தோன்றியிருத்தல் வேண்டும்.

இராமநாதபுரத்துக் கோட்டையிற் கட்டபொம்மர் மூன்று மணி நேரம் நிற்க வைக்கப்பட்டார் என்பர். சரிபார்த்தபோது கணக்கில் எஞ்சியிருந்தது 1080 பகோடா மட்டுமே. அவரைச் சிறைப்படுத்த முயன்றனர் என்ற ஐயத்தால் கோட்டை வாயிலிற் கைகலப்பு உண்டாயிற்று. லெப்டினன்ட் கிளார்க் என்பவர் கொல்லப்பட்டார். கட்டபொம்மர் தப்பினார், அவருடைய காரியஸ்தர் சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார்.

இவ்விடத்திற் கும்பினியார் செய்த ஒரு நற்செயலைக் குறிக்காமற் செல்லுதல் நடுநிலைமை ஆகாது. கட்டபொம்மர் சென்னைக்கு எழுதிக்கொண்ட விண்ணப்பத்தைக் கவர்னர் எட்வர்டு கிளைவ் பிரபு ஏற்றார். விசாரணைக்கு மூவர் அடங்கிய கமிட்டி அமைத்தார். கமிட்டியார் கட்டபொம்மர்மேற் குற்றமில்லை எனக் கண்டனர். காரியஸ்தர் விடுதலை பெற்றார். ஜாக்ஸன் பதவியிழந்தார். லஷிங்டன் என்பவர் கலெக்டராக வந்தார். விசாரணை நேர்மையாய் நடந்தது. தீர்ப்பும் நேர்மையாய் வந்தது. எனினும் மானம் கெட்ட இடத்திற்கு அத்தீர்ப்பு மருந்தாகவில்லை. கட்டபொம்மர் மற்றைப் பாளையக்காரருடன் உறவாடிப் படை சேர்க்கலானார். 1799ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மயிலப்பன் சேர்வைகாரர் தலைமையில் முதுகுளத்தூர், கமுதி, அபிராமம் முதலிய ஊர்களில் கும்பினியாரின் கச்சேரிகளும் துணிக்கிடங்குகளும் தாக்கப்பட்டன. கும்பினியாருக்கு அப்பொழுது மைசூர்ப் போரே பெரிதாயிருந்தது. மே மாதம் 4ம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் மடிந்தவுடன் தெற்கே அனுப்பப் படை கிடைத்தது.

பானர்மன் படையெடுப்பு

1799ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 5ம் தேதி மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கினார். மண்ணாற் கட்டிய அக்கோட்டை அன்று வீழவில்லை. ஆங்கில அதிகாரிகள் சிலரும் சிப்பாய்கள் பலரும் வாயிலண்டை மாண்டனர். மேலும் படை வருவதறிந்த கட்டபொம்மர் இரவில் வெளியேறினார். எட்டயபுரத்தார் படை பின்தொடர்ந்து சென்று போர் செய்தது. அப்போரிற் பிடிபட்ட சிவசுப்பிரமணிய பிள்ளை நாகலாபுரத்தில் தூக்கிலிடப்பட்டார். கட்டபொம்மர் புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்களாற் பிடிக்கப்பட்டு, அக்டோபர் மாதத்திற் கயத்தாற்றில் பிற பாளையக்காரர் முன்னிலையில் விசாரிக்கப்பட்டுத் தூக்கிலிடப்பட்டார். விசாரணையின்போது அவர் சிறிதும் அஞ்சாது இறுமாந்து நின்றார் என்று எழுதி வைத்தவர் வேறெவருமல்லர். அவரைத் தண்டித்த பானர்மனே ஆவர்.

தொடர்ந்து பாஞ்சாலங்குறிச்சி, ஏழாயிரம்பண்ணை, கோல்வார்பட்டி, நாகலாபுரம், காடல்குடி, குளத்தூர் என்னும் ஆறு பாளையங்கள் பறிமுதலாயின. இவற்றுள் முன் கூறிய இரண்டு இன்று நம் ஜில்லாவைச் சேர்ந்தவை. கோட்டைகளை இடிக்கவும், துப்பாக்கி, ஈட்டி முதலிய ஆயுதங்களை ஒப்புவிக்கவும் சீமையெங்கும் பறை சாற்றப்பட்டது. காரியம் முடிந்தது என்று அதிகாரிகள் கருதினர். ஆயின் ஒரு பாளையம் பறிமுதலாகும்போது அதன் தலைவர் ஒருவர் மட்டுமே நிலையிழப்பதில்லை. காவல் மானியத்தால் வாழ்ந்த குடும்பங்கள் அனைத்தும் ஒரே நாளிற் பிழைப்பிழக்கின்றன. அவர்களுக்குக் கும்பினியார் வேறு தொழில் காட்டினரா என்று நாம் கேட்க வேண்டும்.

சிறை உடைந்ததும் கோட்டை எழுந்ததும்

1801ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 2ம் தேதி, பாளையங்கோட்டைச் சிறையிலிருந்த கட்டபொம்மரின் தம்பியரும் உறவினரும் காவலரை மடக்கித் தப்பினர். அவர்களுள் முதன்மையானவர் வாய்பேச இயலாதவர். ஊமைத்துரை என்று வழங்கப்பெற்றவர். சில நாளிலேயே மேஜர் மக்காலே படையுடன் பாஞ்சாலங்குறிச்சியை நோக்கிச் சென்றார். இவர், நம் நாட்டில் ஆங்கிலக் கல்வியை நிலைநாட்டிய குறிப்பை 1835ல் எழுதிய மக்காலே பிரபுவின் பெரிய தந்தையார் என்பது மாணவர் அறியத்தக்கது. இடித்துத் தரைமட்டமாக்கிய இடத்திற் புதிய கோட்டை எழுந்து, அதனுள் ஆயிரக்கணக்கானோர் ஆயுதபாணிகளாய் நிற்பதைக் கண்டு அவர் திகைத்துப் பாளையங்கோட்டைக்குத் திரும்பினார். ஆறே நாளில் ஒரு கோட்டை எழுவதற்குப் போர்வீரர் மட்டும் போதார். மண் சுமந்த ஆடவர், பெண்டிர் கைகள் எத்தனையோ வேண்டும்.

இதற்கிடையிற் கிளர்ச்சிக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். அங்கிருந்த துறைமுக அதிகாரியாகிய வெள்ளையரைச் சிறைப்பிடித்துக் கொண்டுபோயினர். அவர் மனைவியார் பாஞ்சாலங்குறிச்சிக்கே சென்று முறையிட, கணவரை விடுவித்தனுப்பினர். பகைவரிடத்தும் குற்றமற்றாரைப் பிரித்தறியும் இப்பண்பு போர்க்காலத்தில் அரிதாதலின் இதனை ஈண்டுக் குறித்தோம்.

மார்ச்சு மாதம் 31ம் தேதி மக்காலே பெரும்படையுடன் கோட்டையைத் தாக்கினார். பீரங்கிக் குண்டு மண்சுவரிற் புதைந்ததேயன்றிச் சுவர் எளிதிற் பெயரவில்லை. பிளவின் வழியே ஏறியோரை உள்ளிருந்தோர் நீண்ட ஈட்டிகளால் குத்தி வீழ்த்தினர். கும்பினிப் படையில் மாண்டோரும் காயமுற்றோரும் முந்நூறு பேரளவினர். மே மாதத்திற் கர்னல் அக்நியூ புதுப்படையும் பெரும்பீரங்கிகளும் கொண்டுவந்து, 24ம் தேதி கோட்டையைப் பிடித்தார். உள்ளிருந்தோர் ஒரு திரளாய் வெளியேறிப் போர் செய்துகொண்டே விலகினர். அவ்விடத்தை உழுது ஆமணக்கு விதைத்தனர் என்றும், பாஞ்சாலங்குறிச்சி என்னும் பெயரையே கணக்குப் புத்தகங்களினின்று நீக்கினர் என்றும் வழங்கும்.

அன்று நடந்த ஒரு நிகழ்ச்சியை, அப்போரில் கும்பினிப் படையில் பணியாற்றிய வெல்ஷ் என்னும் அதிகாரி தம் நினைவுக் குறிப்பிற் பதிந்துள்ளார். போர்க்களத்தில் ஒரு தாய் தன் மகனைத் தேடி வந்தாள். மகன் குற்றுயிராய்க் கிடந்தான். அவனைத் தூக்க முயன்றபோது அவன், தான் இறப்பினும் பெரிதில்லை என்றும், அருகே காயமுற்றுக் கிடக்கும் ஊமைத்துரையைக் காப்பாற்றும்படியும் வேண்டினான். அத்தாய் மகனைவிட்டு அவரைத் தன் ஊருக்குச் சுமந்து சென்றாள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது அவ்வூர்ப் பெண்கள் அவரைத் துணியால் மூடி, பெரியம்மையால் ஒரு பிள்ளை இறந்துவிட்டதெனச் சொல்லி ஒப்பாரி வைத்தனர். வந்தவர் தொற்றுக்கு அஞ்சி அகன்றனர். துப்பாக்கியும் பீரங்கியும் பெற்ற படைக்குக் கிட்டாத ஒரு பொருள் கிளர்ச்சிக்காரரிடம் இருந்தது. அது குடிகளின் அன்பு. பிடித்துக் கொடுத்தார்க்குப் பரிசு கிடைக்குமென்று அறிந்தும் அப்பெண்கள் ஒப்பாரியையே தெரிந்துகொண்டனர்.

மருது சகோதரரும் காளையார்கோயிலும்

உயிர் பிழைத்த ஊமைத்துரை கமுதிக்குச் சென்று, மருது சகோதரரின் துணையைப் பெற்றார். முக்குளத்திற் பிறந்த பெரிய மருதுவும் சின்ன மருதுவும் வேலு நாச்சியாருக்குத் துணைநின்று 1780ல் சிவகங்கையை மீட்டவர்கள். பின்னர் அச்சீமையின் ஆட்சிப் பொறுப்பைத் தாமே ஏற்றவர்கள். 1801ம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவர்கள் திருச்சிராப்பள்ளிக் கோட்டைச் சுவரிலும் ஸ்ரீரங்கம் கோயிற் சுவரிலும் ஓர் அறிக்கை ஒட்டுவித்தனர். எல்லா ஜாதியாரும் ஒன்றுபட்டு அந்நிய ஆதிக்கத்தை அகற்ற வேண்டும் என்பது அதன் சாரம். திண்டுக்கல் பக்கத்து விருப்பாட்சி கோபால நாயக்கரும் இதே காலத்திற் கிளர்ச்சியில் ஈடுபட்டவர். ஒரு பாளையத்துப் பாக்கியில் தொடங்கிய வழக்கு மூன்றே ஆண்டில் தென்னாடு முழுமைக்கும் உரிய வழக்காயிற்று.

முன்னே கூறிய வெல்ஷ், 1795ம் ஆண்டளவில் சின்ன மருதுவுடன் பழகியவர். ஈட்டி எறியவும் வளரி வீசவும் அவரிடமே கற்றவர். அவ்வாசிரியர்மேலேயே படை கொண்டு செல்லும் காலம் வந்தது. சிறுவயலிலிருந்து காளையார்கோயிலுக்குக் காட்டினூடே வழி வெட்டும் வேலையில் அக்நியூவின் படை ஏறக்குறைய ஒரு மாதம் உழன்றது. பகலில் வெட்டிய வழியில் மறைந்திருந்து தாக்குவோர் ஓயவில்லை. முடிவில் அம்முயற்சி கைவிடப்பட்டது.

கும்பினியார் வென்றது வேறொரு வழியால். படமாத்தூர் கௌரி வல்லப உடையத் தேவரைச் செப்டம்பர் மாதத்திற் சிவகங்கைக்குரியவர் என அறிவித்தனர். மருது சகோதரர் உரிமையின்றி ஆள்வோர் என்று கருதியிருந்த குடிகள் புதிய தலைவர்பக்கம் சாய்ந்தனர். அணி இரண்டுபட்ட பின்னர், அக்டோபர் 1ம் தேதி மூன்று திசைகளினின்றும் சென்ற படைகள் காளையார்கோயிலைப் பிடித்தன. மருது சகோதரர் பிடிபட்டு 24ம் தேதி திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அவர்தம் மக்களும் உறவினரும் பலர் அவ்வாறே மாண்டனர். ஊமைத்துரை நவம்பர் மாதத்திற் பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டார்.

1802ம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் எழுபதுக்கு மேற்பட்டோர் தூத்துக்குடியிற் கப்பலேற்றப்பட்டுப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டனர். அவர்களுள் ஒருவர் சின்ன மருதுவின் மகன் துரைசாமி. அப்பொழுது பதினைந்து வயதினர். வெல்ஷ் 1818ல் பினாங்குக்குச் சென்றபோது, முதுமைத் தோற்றமுடைய ஒருவர் வந்து தம்மை இன்னாரெனத் தெரிவித்தார். தம் ஆசிரியரின் மகன் அந்நிலையில் நிற்கக் கண்டு அவ்வதிகாரி நெஞ்சுருகி எழுதியுள்ளார். பதினைந்து வயதுச் சிறுவன் செய்த குற்றம் யாது என்ற கேள்விக்கு வென்றோரின் ஏட்டிலும் தகுந்த விடை இல்லை.

அமைதி வந்த விதம்

1801ம் ஆண்டு டிசம்பர் 1ம் தேதி கவர்னர் கிளைவ் ஓர் அறிக்கை வெளியிட்டார். ஆயுதம் வைத்திருத்தலைத் தடுத்ததோடு, ஆயுதம் துறந்தார்க்கு மன்னிப்பையும், நிலையான வரித்திட்டத்தையும் அது வாக்களித்தது. 1803ல் பாளையக்காரர் ஜமீன்தார் ஆயினர். படையும் காவலும் அவர் கையை விட்டு நீங்கின. வரி தண்டும் உரிமை மட்டும் எஞ்சியது. அந்த ஜமீன் முறையும் 1948ம் ஆண்டுச் சட்டத்தால் முடிவுக்கு வந்தது.

உலக சரித்திரத்தில் இதற்கு ஒப்புமை உண்டு. ஸ்காத்லாந்தின் மலைநாட்டுக் குலத்தலைவர் 1745ல் கிளர்ந்தெழுந்து, 1746ல் கலோடன் களத்தில் தோற்றபின், அங்கும் ஆயுதப் பறிப்புச் சட்டம் வந்தது. மறுவருடமே குலத்தலைவர்தம் நீதியதிகாரமும் நீக்கப்பட்டது. மக்காலேயின் முன்னோர் அந்நாட்டினரே. தம் முன்னோர் நாட்டில் நடந்ததை ஒத்த காரியத்தை அவர் நம் சீமையில் நடத்தினார்.

மாணவர் கொள்ளத்தக்கவை

தொடக்கத்தில் எழுப்பிய மூன்று கேள்விகளுக்கு வருவோம்.

முதற் குண்டுக்குமுன் நடந்தது ஒரு கணக்குத் தகராறு. 1080 பகோடாவுக்காக எவரும் போர் தொடுக்கமாட்டார். வந்தவரை இருக்கச் சொல்லிப் பேசியிருப்பின் இராமநாதபுரத்து வாயிலில் இரத்தம் சிந்தியிராது என்று எண்ண இடமுண்டு. ஆனால் அது மட்டுமே காரணம் என்றலும் தவறு. குடிகளைக் காக்கும் அதிகாரம் யாருக்கு என்னும் பெருவழக்கு அதற்குள் மறைந்திருந்தது. அவ்வழக்கைத் தீர்க்க மன்றம் இல்லாதபோது ஆயுதமே மன்றமாயிற்று.

இரண்டாவது கேள்விக்கு விடை இருபக்கத்தும் கலந்தே கிடைக்கிறது. தூத்துக்குடியில் ஒரு கணவர் விடுவிக்கப்பட்டார்; பினாங்குக்கு ஒரு சிறுவர் அனுப்பப்பட்டார். கவர்னர் ஒரு கலெக்டரைப் பதவி நீக்கினார். அதே கவர்னர் காலத்திலேயே தூக்குமரங்களும் நடப்பட்டன. ஒரு பக்கத்தாரை முழுதும் நல்லவராகவும் மறுபக்கத்தாரை முழுதும் தீயவராகவும் எழுதுவது எளிது. ஆயின் அது சரித்திரம் ஆகாது. திருநெல்வேலிச் சரித்திரத்தை 1881ல் வெளியிட்ட கால்டுவெல் அத்தியட்சர் ஆங்கில அரசின் குடியாயிருந்தும், எதிர்த்தரப்பின் வீரத்தை மறையாது எழுதினார். நாம் அவருக்கு எதிர்த்திசையினின்று அந்நடுநிலைமையைப் பயிலவேண்டும்.

மூன்றாவது கேள்வியே நமக்கு நெருக்கமானது. பாஞ்சாலங்குறிச்சியில் ஆங்கில அதிகாரிகளின் கல்லறைகள் உண்டு. கட்டபொம்மருக்கு நினைவுக்கோட்டையை 1974ல் தமிழ்நாட்டு அரசாங்கத்தார் கட்டினர். இரண்டும் வேண்டியனவே. ஆனால் பிளவின் வழியே ஏறி மாண்ட சிப்பாய்களுக்குக் கல் ஏது? அவர்களும் தமிழும் தெலுங்கும் பேசிய ஏழைகள். மாதச் சம்பளத்துக்காகச் சேர்ந்தவர்கள். எதிரே ஈட்டி பிடித்து நின்றவர்களும் அம்மொழிகளையே பேசினர். மகனைக் களத்தில் விட்டு வந்த அத்தாயின் பெயரும் எந்த ஏட்டிலும் இல்லை. இக்கல்லூரி வகுப்புகளில் அமர்ந்திருக்கும் மாணவருள் பாளையக்காரர் வழியினரும் உளர். காவற்காரர் வழியினரும் உளர். எட்டயபுரத்துப் படையில் நடந்தார் வழியினரும், கும்பினிச் சிப்பாய்களின் வழியினரும், இவர் யாவர்க்கும் வரி கொடுத்து உழுத குடியானவர் வழியினரும் உளர். அவர்கள் இன்று ஒரே பலகையில் அருகருகே இருந்து ஒரே பாடத்தைக் கற்கின்றனர்.

ஆதலின் விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் கிராமத்து மண்மேட்டையும், இடிந்த சுவரையும், நடுகல்லையும் சென்று காண்பாராக. முதியோர் சொல்லும் கதைகளை அவர்கள் சொன்னவாறே எழுதி வைப்பாராக. வென்றோர் எழுதிய ஏடுகள் ஆவணக்காப்பகங்களில் பத்திரமாய் இருக்கின்றன. தோற்றோரின் ஏடு முதியோர் நாவில் மட்டுமே இருக்கிறது. அது மறையுமுன் எழுதி வைத்தல், ஏழாயிரம்பண்ணையிலும் கோல்வார்பட்டியிலும் நரிக்குடியிலும் பிறந்த மாணவர் தம் ஊருக்குச் செய்யக்கூடிய தொண்டாகும்.